முழங்கால் போன தம்பியும் ஜேர்மனியின் சாமரும்: வீரர், பயிற்றுவிப்பாளர், விளையாட்டுப் பணிப்பாளர்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதிய சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். தம்பிக்கு வயது 19. தோட்ட அணியில் நடுக்களத்தில் விளையாடுகிறான். போன தீபாவளிப் போட்டியில் முழங்கால் திரும்பிவிட்டது. இப்போது ஜேர்மனியின் மத்தியாஸ் சாமரைக் காட்டி, "அவரும் முழங்கால் போனபிறகுதான் பயிற்றுவிப்பாளரானார், அப்புறம் விளையாட்டுப் பணிப்பாளரானார், நானும் அப்படியே போவேன்" என்கிறான். விளையாட்டுப் பணிப்பாளர் என்றால் என்ன வேலை, அது பயிற்றுவிப்பாளருக்கு மேலே உள்ள பதவியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதை அரிப்பது கடைசி வரியில் இருக்கிறது. கொழும்பில் மாமா பார்த்து வைத்திருக்கும் கடை வேலைக்கு அவனை அனுப்புவதா, இல்லை பந்தை நம்பி இன்னும் இரண்டு வருடம் வீட்டில் வைத்திருப்பதா? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். சாமரும் வருவார், ஏனென்றால் தம்பி பிடித்த உதாரணம் நல்ல உதாரணம்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் 23 வருடமாக உடற்கல்வி கற்பிக்கிறேன். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் சி தரப் பயிற்றுவிப்பாளர் சான்றிதழ் இருக்கிறது. பாடசாலைக்கு வெளியே ஒரு தோட்டக் கழகத்தை 11 வருடம் பயிற்றுவித்தேன். விளையாட்டுப் பணிப்பாளர் என்ற கதிரையில் நான் உட்கார்ந்ததில்லை. ஐரோப்பாவைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பதிவுகள். மலையகத்தைப் பற்றிச் சொல்வது நான் நின்று பார்த்தது.

சாமர் 1967இல் கிழக்கு ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்தில் பிறந்தவர். அப்பா கிளவுஸ் சாமர் டைனமோ ட்ரெஸ்டன் கழகத்தின் வீரராக இருந்து, அதே கழகத்துக்குப் பயிற்றுவிப்பாளரானவர். பயிற்றுவிப்பாளர் வீட்டில் வளர்ந்த பிள்ளை என்பதைத் தம்பி மறக்கக் கூடாது. 1990 செப்டெம்பர் 12ஆம் திகதி கிழக்கு ஜேர்மனி அணியின் கடைசி மெட்ச் பெல்ஜியத்துக்கு எதிராக நடந்தது. இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றார்கள். இரண்டு கோலும் சாமர் போட்டவை. அதற்குப் பிறகு அந்த நாடும் இல்லை, அணியும் இல்லை. ஸ்டுட்கார்ட் கழகத்தோடு 1992இல் ஜேர்மன் லீக்கை வென்று, இத்தாலியில் இன்டர் கழகத்தில் அரைப் பருவம் மட்டும் இருந்து, 1993இல் ஜேர்மனியின் டோர்ட்மண்ட் கழகத்துக்கு வந்தார். அங்கேதான் நடுக்களத்தில் ஆடியவரைப் பின்னால் கொண்டுபோய் லிபரோவாக நிறுத்தினார்கள். தற்காப்பு வரிசைக்குப் பின்னால் தனியாக நிற்கிறவர் லிபரோ. முழு ஆட்டமும் அவர் முகத்துக்கு முன்னால் நடக்கும். 1995, 1996 இரண்டு வருடமும் லீக் பட்டம், 1996இல் ஜேர்மனியோடு ஐரோப்பியக் கிண்ணம், அந்தத் தொடரின் சிறந்த வீரர், அதே வருடம் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருது. 1997இல் இத்தாலியின் ஜுவென்டஸை மூன்றுக்கு ஒன்று என்று வென்று, ஐரோப்பியக் கழகங்களின் பெரிய கிண்ணமான சம்பியன்ஸ் லீக். அந்த வருடமே முழங்கால் பழுதாகி, சத்திரசிகிச்சை, அதில் கிருமித்தொற்று என்று போய், முப்பது வயதிலேயே விளையாட்டு முடிந்துவிட்டது.

தம்பி இங்கேதான் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டான். சாமருக்கு முழங்கால் போனபோது அவர் ஐரோப்பாவின் சிறந்த வீரர் என்ற பெயரோடு இருந்தார். அந்தப் பெயர்தான் கதவைத் திறந்தது. 2000ஆம் ஆண்டு டோர்ட்மண்ட் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும் நிலையில் இருந்தபோது, வயதான பயிற்றுவிப்பாளர் உடோ லாட்டெக்கை அழைத்து, பக்கத்தில் சாமரை உதவிக்கு வைத்தார்கள். அணி தப்பியது. அடுத்த பருவத்தில் சாமரே தலைமைப் பயிற்றுவிப்பாளர். 2002இல் லெவர்குசன் கழகத்தைக் கடைசி வாரங்களில் எட்டிப் பிடித்து லீக் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 34. அதற்கு முன் அவ்வளவு இளவயதில் எந்தப் பயிற்றுவிப்பாளரும் அந்தப் பட்டத்தை வென்றதில்லை. அதே பருவத்தில், ஐரோப்பியக் கழகங்களின் இரண்டாவது பெரிய கிண்ணமான யூஏஃபா கிண்ணத்தின் இறுதிப் போட்டியில் ஃபெயனூர்ட் கழகத்திடம் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பயிற்றுவிப்பாளர் வேலைக்கும் பணிப்பாளர் வேலைக்கும் உள்ள வித்தியாசம் டோர்ட்மண்டின் அந்த நாலைந்து வருடத்துக்குள்ளேயே இருக்கிறது. கழகம் 2000இல் பங்குச் சந்தையில் இறங்கி, கைநிறையப் பணத்தோடு பெரிய வீரர்களை வாங்கியது. 2002இல் லீக் பட்டம் வந்தது. 2003இல் சம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற முடியவில்லை. வருமென்று நம்பிய பணம் வரவில்லை, கடன் மட்டும் நின்றது. சாமர் 2004இல் விலகினார். 2005 தொடக்கத்தில் கழகம் வங்குரோத்தாகும் விளிம்பில் நின்றது. களத்தில் பட்டம், கணக்குப் புத்தகத்தில் பள்ளம். சாமர்தான் கழகத்தைக் கடனில் தள்ளினார் என்று நான் சொல்லவில்லை. பணம் செலவழித்தது நிர்வாகம். ஒரு பயிற்றுவிப்பாளர் அடுத்த சனிக்கிழமையைப் பார்த்து வேலை செய்கிறார், அது அவருடைய கடமை. ஐந்து வருடத்துக்கு அப்பால் யாராவது பார்க்க வேண்டும். அந்த ஆளுக்குத்தான் விளையாட்டுப் பணிப்பாளர் என்று பெயர்.

அந்த வேலையை நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி. எந்த வீரரை எப்போது எடுப்பது, யாரை எப்போது விடுவது, யாருடைய ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது, இன்று 16 வயதில் இருக்கிறவன் 20 வயதில் யாருடைய இடத்துக்கு வருவான், பயிற்றுவிப்பாளர் போய்விட்டால் அடுத்தவர் யார், அவர் வந்தாலும் கழகம் ஆடும் முறை மாறாமல் இருக்க என்ன செய்வது. ஒப்பந்த வருடம் ஏன் முக்கியம் என்றால், 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்த வீரர் ஒரு சதம் மாற்றுத் தொகை இல்லாமல் வேறு கழகத்துக்குப் போகலாம். அதனால் கடைசி வருடத்துக்கு முன்பே விற்பதா, ஒப்பந்தத்தை நீடிப்பதா என்று ஒருவர் நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இதில் எதுவும் பயிற்சிக் களத்தில் விசில் ஊதுகிற வேலை இல்லை. கழகத்தின் வரிசையில் பணிப்பாளர் பெரும்பாலும் பயிற்றுவிப்பாளருக்கு மேலேதான் இருப்பார், அவரை எடுப்பதும் விடுவதும்கூட இவர் சொல்லில்தான் பெரும்பாலும் நடக்கும். அப்படியென்றாலும் இதைப் பதவி உயர்வு என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல கொழுந்துக் கணக்குப்பிள்ளையைத் தொழிற்சாலைக்கு அனுப்பினால் அவர் அங்கே தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் நல்ல டீமேக்கர் ஆகிவிடுவாரா? வேலையே வேறு.

சாமர் ஸ்டுட்கார்ட்டில் ஒரே ஒரு பருவம் பயிற்றுவித்தபின், 2006இல் ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கம் அவரை விளையாட்டுப் பணிப்பாளராக எடுத்தது. அப்போது தேசிய அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்த கிளின்ஸ்மன் அந்தப் பதவிக்குக் கேட்டது வேறொருவரை. பேர்ன்ஹார்ட் பீட்டர்ஸ் என்ற ஹொக்கிப் பயிற்றுவிப்பாளரை! உதைபந்தாட்டக்காரரே இல்லாத ஒருவர் இந்த வேலைக்குச் சரி என்று தேசிய அணியின் பயிற்றுவிப்பாளர் நினைத்திருக்கிறார் என்பதைத் தம்பி குறித்துக்கொள்ளட்டும். சங்கம் சாமரைத்தான் எடுத்தது. 2008இல் 19 வயதுக்குட்பட்டோர், 2009இல் 17 வயதுக்குட்பட்டோர், அதே 2009இல் 21 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களும் ஜேர்மனியின் கையில் வந்தன. 21 வயதுக்குட்பட்டோர் இறுதிப் போட்டியில் இங்கிலாந்தை நாலுக்குப் பூச்சியம் என்று அடித்த அணியில் நோயர், ஹும்மெல்ஸ், போட்டெங், ஹோவெடெஸ், கெதீரா, ஓசில் இருந்தார்கள். ஆறு பேரும் 2014 உலகக் கிண்ணத்தை வென்ற அணியிலும் இருந்தார்கள்.

இதுவரை சொன்னது உறுதியானது. இதில் சாமரின் பங்கு எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது. ஜேர்மனி 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் ஒரே ஒரு புள்ளியோடு குழுவில் கடைசியாக வந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் ஒவ்வொரு பெரிய கழகமும் இளையோர் பயிற்சி நிலையம் வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். 2002இல் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான பயிற்சித் தளங்களைத் திறந்தார்கள். கிராமத்துப் பிள்ளையும் வாரத்தில் ஒரு நாள் நல்ல பயிற்றுவிப்பாளரிடம் போகக்கூடிய தூரத்தில். இதெல்லாம் சாமர் வருவதற்கு முன்பே நடந்தவை. 2009இல் கிண்ணம் தூக்கிய பிள்ளைகள் அந்த மரத்தின் காய்கள். சாமர் தண்ணீர் ஊற்றினாரா, காய் பழுக்கும் நேரத்தில் வந்து நின்றாரா என்று ஜேர்மனியிலேயே இரண்டு பக்கமும் பேசுவார்கள். என் எண்ணம், இரண்டிலும் பாதி. பணிப்பாளர் வேலையின் தன்மையே அதுதான். நட்டவர் ஒருவர், பறிக்கிறவர் இன்னொருவர். கைதட்டல் யாருக்கு என்று கணக்குப் பார்க்கிறவருக்கு இந்த வேலை சரிவராது.

2012இல் பயர்ன் மியூனிக் அவரை எடுத்தது. சொந்த மைதானத்தில் செல்சியிடம் சம்பியன்ஸ் லீக் இறுதியைத் தோற்று, கழகம் துவண்டு கிடந்த நேரம். அந்தப் பருவத்தில் அணி வென்றுகொண்டே இருந்தபோதும் போதாது என்று வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். கழகத்தின் தலைவருக்கே அது பிடிக்கவில்லை. 2013இல் லீக், ஜேர்மன் கிண்ணம், சம்பியன்ஸ் லீக் மூன்றும் வந்தன. 2016இல் மூளைக்குப் போகும் இரத்தவோட்டத்தில் ஒரு சிறு கோளாறு ஏற்பட்டு, சுகப்பட்டபின் தானாகவே விலகினார். 2018இல் டோர்ட்மண்டுக்கு ஆலோசகராக வந்தார்.

இனி மற்றவர்களைப் பாருங்கள். டோர்ட்மண்டில் சாமரோடு ஒரே அணியில் ஆடிய மிகாயேல் சோர்க், வாழ்நாள் முழுவதும் அந்த ஒரே கழகத்துக்கு விளையாடி, பயிற்றுவிப்பாளர் வேலையே செய்யாமல் நேராகப் பணிப்பாளர் அறைக்குப் போனவர். வங்குரோத்திலிருந்து தப்பிய கழகத்தில் பணம் இல்லை. 2008இல் யுர்கன் குளொப்பைப் பயிற்றுவிப்பாளராகக் கொண்டுவந்தார்கள். 2010இல் ஜப்பானிலிருந்து ககாவாவை 3,50,000 யூரோவுக்கு எடுத்தார்கள். பெரிய கழகங்களில் ஒரு மாதச் சம்பளத்துக்கும் காணாத தொகை. அதே வருடம் போலந்திலிருந்து லெவன்டோவ்ஸ்கி. 2011, 2012 இரண்டு வருடமும் லீக் பட்டம். 2022 வரை சோர்க் அந்த வேலையில் இருந்தார். ஸ்பெயினின் செவில்லா கழகத்தில் மொன்சி என்ற கோல்காப்பாளர், பெரும்பாலும் இரண்டாவது கோல்காப்பாளராக வாங்கில் இருந்தவர், 2000இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய நேரத்தில் பணிப்பாளரானார். அவர் ஆட்சியில் 2006இலிருந்து 2016க்குள் யூஏஃபா கிண்ணத்தை (பிறகு யூரோப்பா லீக் என்று பெயர் மாறியது) ஐந்து தடவை வென்றார்கள். அவரும் பயிற்றுவிப்பாளராக இருந்ததில்லை. இன்னொரு பக்கம் ரால்ஃப் ரங்னிக். வீரராகப் பெரிய பெயர் இல்லை. பயிற்றுவிப்பாளராக வளர்ந்து, 2012இல் லைப்சிக் கழகத்துக்குப் பணிப்பாளராகப் போனார். நாலாம் பிரிவில் இருந்த கழகம் 2016இல் முதல் பிரிவுக்கு ஏறியது. நடுவில் தேவைப்பட்டபோது இரண்டு தடவை அவரே இறங்கிப் பயிற்றுவித்தார்.

ஆகவே வீரர், பயிற்றுவிப்பாளர், பணிப்பாளர் என்று மூன்று படி ஏறும் ஒரே ஏணி கிடையாது. பெரிய வீரர் நல்ல பணிப்பாளர் ஆவாரா என்பதற்கு ஒரே பதிலும் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது, இது படித்துப் பழக வேண்டிய தனித் தொழில் என்பது. இத்தாலியில் பணிப்பாளர் வேலைக்கென்றே தனிப் பாடநெறி இருக்கிறது. புளோரன்ஸ் நகரில் கொவர்ச்சியானோ என்ற இடத்தில் படித்து, பரீட்சை எழுதி, பதிவுப் புத்தகத்தில் பெயர் ஏறினால்தான் அந்தப் பதவியில் உட்காரலாம்.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். இலங்கையில் தேசிய மட்டத்தில் இதற்கு நெருங்கிய பதவி தொழில்நுட்பப் பணிப்பாளர். கழக மட்டத்தில் சம்பளத்தோடு அப்படி ஒரு வேலை அநேகமாக இல்லை. செயலாளரும் பொருளாளரும் ஊரில் நாலு பெரியவர்களும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கிறார்கள், அதுவும் தங்கள் கைக்காசில். 2021இல் பத்துக் கழகங்களோடு சூப்பர் லீக் தொடங்கியபோது, நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் அதில் இருந்ததைப் பார்த்து எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! மலையிலிருந்தும் மேலே போகலாம் என்று என் மாணவர்களுக்குக் காட்ட ஓர் உதாரணம் கிடைத்தது. ஆனால் 2023 ஜனவரியில் ஃபீஃபா இலங்கைச் சங்கத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. அந்த ஏழு மாதமும் நம்ம தேசிய அணி சர்வதேசப் போட்டியில் இறங்க முடியவில்லை. களத்தில் ஓடிய பிள்ளைகள் செய்த தவறு அதில் ஒன்றும் இல்லை. மேசையில் நடக்கிற வேலை சரியில்லாவிட்டால் களத்தில் என்ன ஆகும் என்பதை நம்ம நாடே பார்த்துவிட்டது. "பணிப்பாளராகி இந்த நாட்டில் சம்பளம் எடுப்பேன்" என்று தம்பி கணக்குப் போட்டால், இன்றைக்கு அந்தக் கணக்கு வராது. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டியது என் கடமை.

ஆனால் அந்த வேலை தெரிந்த ஆள் நம்ம மலையகத்துக்கு எவ்வளவு தேவை என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2014இல் எங்கள் கழகம் தோட்டங்களுக்கிடையிலான போட்டியொன்றில் வென்றது. மைதானம் சரிவு. பந்து தவறினால் தேயிலைக்குள் உருண்டுவிடும். ஒரு சின்னப் பையன் இறங்கி, காலில் அட்டையோடு எடுத்துக்கொண்டு வருவான். அன்று கிண்ணத்தை லொறியில் வைத்து லயங்கள் முழுக்கச் சுற்றினோம். எனக்கு வேறெந்த நினைப்பும் இல்லை. 2016 சித்திரைக்கு அதே போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது கொப்பியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேர் இல்லை. எட்டுப் பேரும் 1995, 1996இல் பிறந்தவர்கள். உயர்தரம் முடிந்ததும் ஒருவன் புறக்கோட்டை ஹாட்வெயார் கடைக்கு, ஒருவன் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைக்கு, மூன்று பேர் கட்டட வேலைக்கு, மற்றவர்கள் வேறு வேறு இடத்துக்கு. ஒரே வயதுக்காரர்களை வைத்து ஒரு கிண்ணம் வென்ற நான், அவர்களுக்குப் பின்னால் 15 வயதுப் பிள்ளை ஒருவனைக்கூட வளர்த்து வைக்கவில்லை. அந்தப் பட்டியலை 2013இலேயே பிறந்த வருடப்படி எழுதியிருந்தால், யார் எப்போது போவார்கள் என்று ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். அந்தக் கொப்பிதான் பணிப்பாளரின் கொப்பி. எங்களிடம் அது இருக்கவில்லை. அணி கலைந்து, மறுபடி சேர்க்க நாலு வருடம் பிடித்தது.

இன்னொன்றும் அந்தக் கொப்பியில் தெரியும். எந்த வயதுப் பிரிவை எடுத்தாலும் வருடத் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளே அதிகம் தெரிவாகிறார்கள் என்பது பல நாடுகளில் ஆராய்ந்து உறுதிப்படுத்திய விஷயம். ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவன். பதின்மூன்று வயதில் அது பெரிய உடம்பு. நம்ம பக்கம் இதோடு இன்னொரு குறையும் சேர்கிறது. 2016 சுகாதார ஆய்வின்படி, தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 32 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். முழு நாட்டையும் சேர்த்துப் பார்த்தால் அது 17 வீதம். அடுத்த மெட்ச்சை வெல்ல நினைக்கிற நான் உயரமானவனைப் போடுகிறேன். நவம்பரில் பிறந்து, கட்டையாக, பந்தைக் காலோடு ஒட்டி வைத்து ஆடுகிறவன் வரிசைக்கு வெளியே நின்று பந்து பொறுக்குகிறான். இரண்டு வருடத்தில் அவன் வருவதையே விட்டுவிடுகிறான். அவன் பெயரையும் பிறந்த மாதத்தையும் எழுதி வைத்து, "இவனை 17 வயது வரை விடாதே" என்று எனக்குச் சொல்ல ஒருவர் அன்றைக்கு இருந்திருந்தால்! அப்படி விட்டுப்போன பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

பதிவு விஷயமும் இந்த வேலைதான். ஒரு வீரர் ஒப்பந்தத்தின் நடுவில் பணத்துக்கு ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்குப் போனால், அந்தத் தொகையில் 5 வீதத்தை, 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரை வளர்த்த கழகங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஃபீஃபா விதி. நம்ம தோட்டத்துப் பையனுக்கு அப்படி ஒரு நாள் வருவது மிக அரிது. ஆனால் வந்தால், அவன் அந்த வயதில் எந்தக் கழகத்தில் பதிவாகியிருந்தான் என்ற கடதாசிதான் பேசும். எங்கள் பக்கம் பல பிள்ளைகள் 18 வயது வரை எந்த லீக்கிலும் பதிவில்லாமல் விளையாடுகிறார்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் இரண்டு போட்டோவையும் வாங்கி, படிவத்தை நிரப்பி, பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் வேண்டும்.

இனித் தம்பியைப் பற்றி. முதலில் முழங்கால். ஓடும்போது முழங்கால் விலகுகிற மாதிரி இருந்தால், வீங்கி வற்றி மறுபடி வீங்கினால், எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு இருக்க வேண்டாம். அரச வைத்தியசாலையில் எலும்பு முறிவு கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே தசைநார் அறுந்திருக்கிறதா என்பதை வைத்தியர்தான் சொல்ல முடியும், நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அது தெரியும்வரை பந்துப் பக்கமே போக வேண்டாம். தீபாவளிக்கு விழுந்து பொங்கலுக்கு மறுபடி இறங்கி, முழுசாகவே முடித்துக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்றுவிப்பாளர் பாதை அவனுக்கு இருக்கிறதா? இருக்கிறது, பெரிய வீரராக இருந்திருக்கத் தேவையும் இல்லை. ஆசியக் கூட்டமைப்பின் சான்றிதழ்கள் கீழிருந்து மேலே டி, சி, பி, ஏ, புரோ என்று போகும். கீழ்ப்படிகளை இலங்கையிலேயே முடிக்கலாம். உங்கள் மாவட்ட உதைபந்தாட்ட லீக்கில் கேட்டால் அடுத்த பாடநெறி எப்போது என்று சொல்வார்கள். நான் போனபோது விரிவுரை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் நடந்தது. பக்கத்திலிருந்த நண்பர் காதுக்குள் சொல்லச் சொல்ல, தமிழில் குறிப்பெழுதினேன். தம்பி இப்போதே சிங்களத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாரம் குறையும். சான்றிதழ் வந்ததும் சம்பளம் வந்துவிடாது. மலையகத்தில் இந்த விளையாட்டால் நிலையாகச் சோறு சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போல உடற்கல்வி ஆசிரியர்கள். உயர்தரப் பெறுபேறு போதுமானதாக இருந்தால், கல்வியியற் கல்லூரியின் உடற்கல்விப் பாடநெறிக்கோ, சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் விளையாட்டு விஞ்ஞானப் பட்டத்துக்கோ விண்ணப்பிக்கலாம். அவன் உயர்தரம் எழுதினானா என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதாவிட்டால் வெளிவாரியாக எழுத இன்னும் காலம் இருக்கிறது. இரண்டு வருடம் என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில்: பந்தை மட்டும் நம்பி இரண்டு வருடம் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பரீட்சையும் டி, சி தரமும் என்று திட்டம் போட்டு அவன் உழைத்தால், அந்த இரண்டு வருடத்தைக் கொடுங்கள்.

வீட்டு நிலைமை அதற்கு இடம் தராவிட்டால் கொழும்புக்கு அனுப்புங்கள், அதில் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் வேலை பேசும்போதே ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று மாமாவிடம் கேட்கச் சொல்லுங்கள். கொழும்பில் கழகங்கள் நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் போய்க் கூம்பு அடுக்கிக் கொடுத்தாலே நிறையப் பழகலாம்.

கிளினிக் நாள் வரும்வரை அவனுக்கு ஒரு வேலை இருக்கிறது. எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள். உங்கள் தோட்டத்திலும் பக்கத்து இரண்டு டிவிஷனிலும் 10 வயதிலிருந்து 20 வயது வரை பந்து விளையாடுகிற எல்லோருடைய பெயரும், பிறந்த வருடம், மாதம், எந்தக் கால், எந்த இடத்தில் ஆடுவான், எந்தப் பாடசாலை, லீக்கில் பதிவு உண்டா இல்லையா என்று கோடு போட்டு எழுதட்டும். பெட்டைப் பிள்ளைகளையும் விட வேண்டாம், அவர்களில் நல்ல ஆட்டக்காரிகள் இருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் "எப்போது ஊரை விட்டுப் போவான்" என்று ஒரு வருடம் போடட்டும். முதல் வரியில் அவனுடைய பெயர், அதற்கு நேரே வலது முழங்காலா இடது முழங்காலா என்று. எழுதி முடித்தபின் இதே இடத்தில் எனக்குச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையில் தலவாக்கலைக்கு வந்தால் என்னுடைய கொப்பியைக் கொண்டுவருகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.